பதினோரு குடம்

சட்டமன்றத் தேர்தலில் தவசிலிங்கம் ஜெயித்தார். அதுவும் தொகுதி முழுக்க எண்ணி முடிக்கையில் வெறும் இருபத்துமூன்று ஓட்டு வித்தியாசத்தில். கழுத்து மாலை வாடுவதற்குள் பூத்துவாரிக் கணக்கை வாங்கிப் பார்த்தார். ஓடைக்குளம் கிராமத்தில் அவருக்கு விழுந்தது பதினோரு ஓட்டு. வந்ததே கோபம்! காரை எடுத்துக்கொண்டு நேரே ஊர்த் தண்ணீர்த் தொட்டிக்கு வந்து இறங்கினார்.

வால்வு திறந்துவிடும் ஒச்சம்மாளைக் கூப்பிட்டார். “ஏத்தா, எனக்குப் போட்ட பதினோரு பேர் யாருன்னு நாளைக்குள்ள கண்டுபிடி. இனி அவங்களுக்கு மட்டும்தான் தண்ணி. தவறினா உன் வேலை போயிரும்.”

மிஷினுக்குள் போன ஓட்டு யாருடையது என்று சாமிக்கே தெரியாது. ஒச்சம்மாளோ, “அதுக்கென்னங்கய்யா, கேட்டாச் சொல்லிட்டுப் போறாக” என்று தலையாட்டினாள்.

மறுநாள் காலை தவசிலிங்கம் வந்தபோது தொட்டியடியில் ஊரே குடத்தோடு நின்றது.

“என்னத்தா இது?”

“உங்களுக்குப் போட்டவுக மட்டும் வாங்கன்னு வீடு வீடாச் சொன்னேங்கய்யா. நானூத்திப் பன்னெண்டு பேர் வந்திருக்காக. அம்புட்டுப் பேரும் குடத்து மேல சத்தியம் பண்றாக.”

“பொய் சொல்றாங்க!”

“ஊரே பொய் சொல்லுமாங்கய்யா? எண்ணினதுலதான் தப்பு இருக்கணும். தொகுதி பூராவும் திரும்ப எண்ணச் சொல்லி மனு எழுதுவமா? எல்லாரும் கையெழுத்துப் போடுறோம்.”

தவசிலிங்கத்துக்கு அந்த இருபத்துமூன்று ஓட்டு கண்முன்னே வந்துபோனது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“மனுவெல்லாம் வேண்டாம். ஊருக்கே திறந்துவிடு. எல்லாரும் எனக்குப் போட்டவங்கதான்.”

“அப்ப எண்ணினது தப்புங்களாய்யா?”

“எண்ணினதும் சரிதான், திறத்தா!”