பென்சில் படாத பக்கங்கள்

பாளையங்கோட்டையில் ஜெபக்கனி ஒரு சிறு பத்திரிகை நடத்திவந்தார். பள்ளிப் பிள்ளைகள் படிக்கும் புத்தகங்களுக்கு மட்டும் அதில் மதிப்புரை வரும். அவர் திட்டினால் எழுதியவருக்கே கோபம் வராது என்று ஒரு பேச்சு உண்டு. அந்த வித்தையைக் கற்றுக்கொள்ளத்தான் இசக்கியம்மாள் அவரிடம் வந்து சேர்ந்தாள்.

வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் அவள். பட்டம் வாங்கிவிட்டாள், பயம் போகவில்லை. "என்ன படிக்கிறே?" என்று யாராவது கேட்டால், சொல்லப்போகும் புத்தகத்தின் பெயர் மரியாதையான பெயர்தானா என்று உள்ளுக்குள் யோசித்துவிட்டுத்தான் வாயைத் திறப்பாள்.

முதல் மதிப்புரைக்கு ஜெபக்கனி கொடுத்தது ஒரு பேய்க் காதல் நாவல். விடுதியில் தங்கிப் படிக்கும் யாழினியை, நூறு வருடங்களுக்கு முன் அந்த விடுதிக் கிணற்றில் விழுந்து செத்த அதீரன் காதலிக்கிறான். பள்ளிப் பெண்கள் கைமாற்றிக் கைமாற்றி அட்டை தேய்ந்துபோன பிரதி.

"விமர்சனக் கண்ணோட படிக்கிறதுன்னா எப்படிக்கா?"

"பென்சிலும் கையுமா உக்காரு. எங்க உறுத்துதோ அங்க கோடு போடு. முடிச்சிட்டு வா."

மதிப்புரையை எழுதி எடுத்துக்கொண்டு வந்தாள் இசக்கி. அக்காவுக்குப் பிடித்தால் அடுத்த இதழில் அவள் பெயர் அச்சில் வரும். பிடிக்காவிட்டால் யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை. அவளே சொல்லிக்கொள்வாள்: உனக்கெல்லாம் எதுக்கு இந்த வேலை.

"அது கிடக்கட்டும். புத்தகத்தைக் குடு" என்றார் ஜெபக்கனி.

ஓரமெல்லாம் பொடி எழுத்து. 'அந்தக் காலத்தில் யார் அதீரன் என்று பெயர் வைத்தார்கள்?' 'கிணற்றில் விழுந்தவன் சட்டை மட்டும் எப்படிக் கசங்கவில்லை?' 'ஒரே வாரத்தில் இரண்டு பௌர்ணமி.'

ஜெபக்கனி வாய்விட்டுச் சிரித்தார். "இசக்கியம்மனைக் கண்டா பேய் ஓடும்னு சும்மாவா சொன்னாவ! பாவம்ட்டி அவன், சட்டையாவது நல்லா போட்டுக்கட்டுமே."

இசக்கிக்கும் சிரிப்பு வந்தது. அக்கா பக்கங்களைத் தள்ளிக்கொண்டே போனார். புத்தகத்தின் நடுவில் ஓர் இடத்தில் கை நின்றது. அங்கிருந்து ஓர் அத்தியாயம் முழுக்க ஒரு கோடு இல்லை, ஒரு புள்ளி இல்லை.

"இங்க பென்சில் முனை ஒடிஞ்சிட்டோ?"

"பஸ்ஸுல படிச்சேன்க்கா. ஆட்டம்..."

அக்கா அந்தப் பக்கத்திலிருந்து விரலை எடுக்கவில்லை. இசக்கியால் அந்தப் பொய்யை அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"பஸ்ஸு இல்லக்கா. பிடிச்சிருந்துது. பென்சில் கையில இருக்கதே மறந்துபோச்சு."

"அப்போ அதையே வாசி. சத்தமா."

வாசித்தாள். தாழிட்ட கதவு வழியாக அதீரன் வருகிறான். யாழினி தூங்குவதைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டு நிற்கிறான். மேசையில் அவளுக்குத் தோழன் எழுதிய வாழ்த்து அட்டை இருக்கிறது. அதைக் கிழித்துப் போடுகிறான். 'உனக்கு எது நல்லது என்று எனக்குத் தெரியும்' என்று அவள் காதோரம் சொல்கிறான்.

வாசிக்க வாசிக்க இசக்கியின் குரல் இறங்கிக்கொண்டே போனது.

"உள்ளே வரட்டுமான்னு கேட்டானா?" என்றார் ஜெபக்கனி.

"இல்ல."

"அவ கதவைத் திறந்துவிட்டாளா?"

"இல்லக்கா."

"உயிரோட இருக்க ஒரு பய இப்படி வந்து நின்னா என்னட்டி பண்ணுவ?"

"செருப்பு பிய்ஞ்சிரும்."

"செத்தவனுக்கு மட்டும் சலுகையோ?"

இசக்கி புத்தகத்தை மூடினாள். முகம் சுருங்கிவிட்டது. இரண்டு பௌர்ணமியைக் கண்டுபிடித்த கண்ணுக்கு இது தெரியவில்லையே. கொண்டுவந்த மதிப்புரையை எடுத்து நான்காக மடித்தாள்.

"வேற எழுதிட்டு வாரேன்க்கா. மோசமான புத்தகம், பிள்ளைங்க கையில குடுக்கக் கூடாதுன்னு எழுதிடுதேன்."

"மோசம்னா உனக்கு ஏன் பிடிச்சுது?"

இசக்கி மடித்த தாளை மறுபடி பிரித்தாள். ஜெபக்கனி அவசரப்படவில்லை. எழுந்துபோய் ஜன்னலைத் திறந்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"எங்க வீட்டுல எல்லாரும் வேலைக்குப் போயிட்டு வந்து அப்படியே சாஞ்சிருவாவ" என்றாள் இசக்கி மெதுவாக. "ஒருத்தர் என்னையவே பார்த்துக்கிட்டு நிக்கிறதுன்னா... அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதுக்கா. அதான் பிடிச்சுது."

"அதை எழுது."

"அய்யோ, சிரிப்பாவ."

"யாரு?"

"படிச்சவுக. பத்திரிகையில எழுத வந்தவளே பேயிகிட்ட மயங்கிட்டான்னு."

"சிரிச்சிட்டுப் போறாவ. பத்தாங்கிளாஸ் பிள்ள ஒருத்தி இப்போ அந்த அத்தியாயத்துக்குள்ளதான் இருக்கா. வெளியே நின்னு மோசம் மோசம்னு கத்தினா அவளுக்குக் கேக்காது இசக்கி. உள்ளே போயிட்டு வந்தவதான் வெளியே வான்னு கூப்பிடணும்."