புலவர் பழித்துக் காட்டிய பிரெஞ்சு

"மதாம், கோளாறு என் நாக்கிலா, உங்கள் பாடத்திலா?"

புலவர் அரங்கநாயகம்தான் கேட்டார். கேட்டார் என்பது மரியாதைக்குச் சொல்வது. மேஜையில் ஒரு குத்து விட்டுக் கத்தினார்.

புதுச்சேரியில் தமிழ் இலக்கணம் நடத்தி ஓய்வு பெற்றவர். எதிரே இருந்த செலின் பிரெஞ்சு சொல்லித் தருகிறவள். அவர் மகளைவிடச் சின்னவள். இருந்தாலும் குரு குருதானே? செருப்பை மாடிப்படிக்குக் கீழேயே கழற்றிவிட்டு வெறுங்காலோடுதான் ஏறி வருவார்.

"பிரெஞ்சு இலக்கணத்தில் ஏதாவது மிச்சம் வைத்திருக்கிறேனா?"

"இல்லைங்க ஐயா."

"வினைச்சொற்கள்?"

"என்னைவிட உங்களுக்கு நல்லா தெரியும்."

"மேஜை பெண்பாலாம். நாற்காலியும் பெண்பாலாம். சோபா மட்டும் ஆண்பாலாம்! உயிரில்லாத கட்டைக்கு என்ன பால் வேண்டிக் கிடக்கிறது? பல்லைக் கடித்துக்கொண்டு அதையும் படித்தேனே!"

"படிச்சீங்க."

"பிறகு ஏன் அவள் எழுந்து ஓடுகிறாள்?"

அவள் எலோடி. துலூஸ் நகரத்தில் இருக்கும் மகள் வயிற்றுப் பேத்தி. ஆறு வயது. பிரெஞ்சு மட்டும்தான் தெரியும். ஞாயிறுதோறும் வீடியோவில் வருவாள். தாத்தா வாயைத் திறந்ததும், "அம்மா, ரயில் ஸ்டேஷன் மெஷின் பேசுது!" என்று பிரெஞ்சில் கத்திவிட்டு ஓட்டம்.

போன வாரம் போனுக்கே வரவில்லை.

நாளைக்கு ஞாயிறு.

செலின் கன்னத்தை உப்பி, "ப்ஃப்" என்று காற்றை விட்டாள். தோளை ஒரு தூக்குத் தூக்கினாள்.

"கதை சொல்லுன்னு அவகிட்ட கேளுங்க. ரகோந்த் முவா."

புலவர் கைகட்டி நின்றார். தலையைக் குனிந்துகொண்டார். தரையைப் பார்த்துச் சொன்னார்.

"ரா. கோன். து. மு. வா."

அடுத்த நடைமேடைக்கு வண்டி வருகிறது என்று ஸ்டேஷன் மெஷின் அறிவிப்பது போலவே இருந்தது.

"நோ, நோ, நோ. என் வாயைப் பாருங்க ஐயா."

"அது மரபன்று."

"எது?"

"குருவின் வாயை உற்றுப் பார்ப்பது. அவர் உதட்டைச் சுழித்தால் நானும் சுழிப்பது. அவர் மூக்கால் பேசினால் நானும் மூக்கால் பேசுவது. அதற்குப் பெயர் பாடமில்லை. பழிப்பு!"

"அப்படியா?"

"என் வகுப்பில் ஒருவன் செய்தான். நான் வெளியே போனதும் மேடையேறி என்னைப் போலவே பேசினான். கையும் களவுமாகப் பிடித்தேன். சாயங்காலம் வரை வெயிலில் முட்டி போட வைத்தேன்."

"சரியா செஞ்சானா?"

"என்ன?"

"உங்களை மாதிரியே இருந்துச்சா?"

புலவர் மென்று விழுங்கினார்.

"அச்சு அசல். அதனால்தான் சாயங்காலம் வரை."

செலின் எழுந்தாள். துப்பட்டாவைத் தோளில் அங்கவஸ்திரமாகப் போட்டாள். தொண்டையைச் செருமினாள். வயிற்றிலிருந்து ஒரு குரல் எடுத்தாள்.

"மாணாக்கர்காள்! மேஜைக்கு... என்ன பால் வேண்டிக் கிடக்கிறது? எருமைப் பாலா? பசும்பாலா?"

கடைசியில் அவர் வழக்கமாகப் போடும் செருமல்கூடத் தப்பவில்லை.

புலவரின் காது சிவந்தது. காதிலிருந்து கழுத்து. கழுத்திலிருந்து வழுக்கை.

"நிறுத்துங்கள்!"

"நிறுத்துங்கள்!" என்றாள் அவளும், அவர் குரலிலேயே.

அவ்வளவுதான். மரபு மாடிப்படியில் உருண்டு செருப்புப் பக்கம் போய் விழுந்தது.

புலவர் கன்னத்தை உப்பினார். "ப்ஃப்!" தோளைக் காதுவரை தூக்கினார். உதட்டை விசிலடிக்கிறவனைப் போலக் குவித்து முன்னே நீட்டினார். "நோ, நோ, நோ, முசியே!" என்று கீச்சுக் குரலில் ஆரம்பித்தார். தொண்டைக்குள் ரகரம் துணி கிழிகிற மாதிரி கரகரத்தது. ரகோந்த் என்றார். அந்த 'ந்' நாக்கைத் தொடாமல் நேரே மூக்கில் ஏறி நின்றது. வெறும் 'ப்ஃப்' விட்டால் பாடமாகிவிடுமா என்று பிரெஞ்சிலேயே கேட்டார். அட்டவணையில் மல்லாந்து கிடந்த வினைச்சொற்கள் எல்லாம் எழுந்து, கூப்பிடாமலே ஓடி வந்தன. நாற்காலியைத் திட்டினார். பெண்பாலில் சரியாகத் திட்டினார்.

செலினும் பிரெஞ்சுக்கு மாறினாள். "யார் மேல இவ்வளவு கோபம்?"

"யார் மேலா? என் மேல்தான்!" அதுவும் பிரெஞ்சில்தான் வந்தது. "குழந்தை என்னைக் கண்டு ஓடுகிறாள். எனக்கு அவளிடம் பேச வேண்டும். வேறென்ன கேட்டேன்?"

"அவகிட்ட என்ன பேசுவீங்க?"

"ஒன்றும் பேச மாட்டேன். அவள் பேசுவாள். நான் கேட்பேன்."



புலவரின் உதடு இன்னும் குவிந்தே இருந்தது. தோளும் இறங்கவில்லை. தன் வாயிலிருந்து வந்தது இன்னதென்று அப்போதுதான் அவர் காதுக்கு எட்டியது. மெல்ல உதட்டை உள்ளே இழுத்துக்கொண்டார். நெடுஞ்சாண்கிடையாக விழப் போனவரை மேஜை தடுத்தது.

"அபசாரம், மதாம். குருவைப் பழித்துவிட்டேன். வெயிலில் முட்டி போடச் சொன்னாலும் போடுகிறேன்."

செலின் நாற்காலியை இழுத்து, அவர் முகத்துக்கு நேரே போட்டு உட்கார்ந்தாள்.

"மூக்குதான் கொஞ்சம் பத்தலை ஐயா. எங்க, திரும்பப் பழிச்சுக் காட்டுங்க."