நாற்பத்தொன்று

முதலில் யாரோ அவசரமாக எண்களை அமுக்குவது போல. பிறகு ஒரு கீச்சு. பிறகு தகரக் கூரையில் கூழாங்கல்லைச் சரித்துவிட்டாற்போல நீண்ட இரைச்சல். பிறகு ஒன்றுமில்லை.

அந்தச் சத்தத்தைக் கேட்டு இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. இன்னும் காதில் இருக்கிறது.

“யாருக்கும்மா உடம்பு சரியில்ல?” என்று கேட்டுக்கொண்டேதான் அய்யாத்துரை முதல் நாள் மாடிப்படி ஏறி வந்தார்.

கோவில்பட்டி பேருந்து நிலையத்துக்கு எதிரே, டயர் கடையின் மேல்மாடி. மூன்று கணினிகள். இணைய மையத்தை நடத்தியவள் சம்சாத். அவளுக்கு அப்போது இருபத்தாறு வயது. அய்யாத்துரை நில அளவைத் துறையில் ஓய்வு பெற்றவர், அறுபதை நெருங்கியவர். நான் ஓரத்துக் கணினியில் கல்லூரிக்கு வினாத்தாள் அடித்துக்கொண்டிருந்தேன்.

“மெஷின் போன் பேசுது சார்,” என்றாள் சம்சாத்.

“இப்படியா பேசும்?”

“மெஷின் பேசுறது போன் வயருக்குப் புரியாது. வயருக்குச் சத்தம்தான் தெரியும். இந்தப் பெட்டி பேச்சைச் சத்தமா மாத்தி அனுப்பும். அந்தப் பக்கம் இன்னொரு பெட்டி சத்தத்தைத் திரும்பப் பேச்சா மாத்திக்கிடும். பேரு மோடம்.”

“நடுவுல ஒரு துபாஷி.”

“ஆமா சார். உட்காருங்க.”

அவர் உட்காரவில்லை. சட்டைப்பையிலிருந்து விவசாயப் பத்திரிகையில் கத்தரித்த ஒரு துண்டை எடுத்தார். சோளப்பயிர் பற்றிய கட்டுரை. கீழே எழுதியவர் பெயர்: பூங்கோதை. அதற்கும் கீழே ஆங்கிலத்தில் இடைவெளி இல்லாமல் ஒரு வரி.

“என் மக. ஐதராபாத்துல ஆராய்ச்சி நிலையத்துல இருக்கா. அவ இஷ்டத்துக்குக் கல்யாணம் பண்ணிக்கிட்டா. இந்த வீட்டு எல்லைக்குள்ள கால் வைக்காதேன்னு சொன்னேன். வைக்கல. நாலு வருஷமாச்சு.”

சம்சாத் துண்டைக் கையில் வாங்கினாள்.

“இந்த வரியை வச்சு அவளைப் பார்க்கலாம்னு சொல்றாங்க. நான் பார்க்கணும். பார்த்தது அவளுக்குத் தெரியக் கூடாது.”

சம்சாத் அந்தத் துண்டுக் காகிதத்தை வெகுநேரம் பார்த்தாள்.

“சரி சார். திங்கக்கிழமை வாங்க,” என்றாள்.

•

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வந்தார். கையில் சிவப்பு நாடா கட்டிய ஒரு கோப்பு இருந்தது. துறையை விட்டு வந்தும் அவரைத் துறை விடவில்லை.

“முதல்ல இந்த வரி என்னன்னு சொல்லு. எழுத்தெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு நிக்குது.”

“உங்க நிலம் எங்க சார் இருக்கு?”

“தூத்துக்குடி மாவட்டம், கோவில்பட்டி வட்டம், இலுப்பையூரணி கிராமம், சர்வே எண் இருநூத்திப் பதினாலு, உட்பிரிவு மூணு பி.” மூச்சுவிடாமல் சொன்னார்.

சம்சாத் பென்சிலால் அந்த வரியைத் துண்டு துண்டாகக் கோடிட்டாள். “புள்ளிக்குப் பிறகு இந்த ரெண்டு எழுத்து, நாடு. அதுக்கு முன்னாடி இருக்கிறது நிலையத்தோட பேரு. இந்தச் சாய்கோட்டைத் தாண்டினா நிலையத்துக்குள்ள வந்துட்டீங்க. இது துறை. அடுத்த சாய்கோடு. இது உங்க மக.”

அய்யாத்துரை குனிந்து பார்த்தார்.

“மூணு பி,” என்றார்.

“மூணு பி,” என்றாள் அவள்.

பிறகு திரையில் பக்கம் வந்தது. புகைப்படத்தில் பூங்கோதை கண்ணைச் சுருக்கிக்கொண்டு, வெயிலில், சோளக்கதிர்களுக்கு நடுவே நின்றாள். நானும் பார்த்துக்கொண்டிருந்ததில், அடித்துக்கொண்டிருந்த வினாத்தாளில் ஒரு வினா விட்டுப்போயிற்று.

“கீழே ஒரு எண் இருக்கே? நாற்பத்தொண்ணு?” என்றார் அய்யாத்துரை.

“இந்தப் பக்கத்துக்கு இதுவரைக்கும் எத்தனை தடவை ஆள் வந்திருக்குன்னு காட்டுறது.”

அவர் நகல் ஒன்று கேட்டார். அச்சடித்துக் கொடுத்தாள். மூலையில் தேதி எழுதிக் கையெழுத்திட்டுக் கோப்பில் வைத்தார்.

•

வாரம் தவறாமல் வந்தார். வாரம் ஒரு கேள்வி. வாரம் ஒரு நகல்.

“பிரவுசர்ங்கிறாங்களே, அது என்னம்மா?”

சம்சாத் எழுந்து வந்து அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள்.

“ஏ, என்ன இது!”

“எதிர்க் கடைப் பலகையை வாசிங்க சார்.”

“எப்படி வாசிக்க? பஞ்சு மாதிரி தெரியுது.”

கண்ணாடியை மாட்டிவிட்டாள். “இப்போ?”

“முருகன் மாவு மில்.”

“கண்ணாடியா அதை எழுதுச்சு?”

அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு சிரித்தார். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

இன்னொரு திங்கள்.

“சர்வர் சர்வர்ங்கிறியே. ஓட்டல்லதானே சர்வர் இருப்பான்?”

அவள் சன்னலுக்குப் போய்க் கீழே எட்டிப் பார்த்தாள். “மாரியப்பண்ணே! மூணு டீ!”

டீ வந்தது. எனக்கும் ஒன்று.

“நாம கேட்கலைன்னா இந்த டீ மேலே வந்திருக்குமா சார்?”

“கேட்காம எப்படி வரும்?”

“அண்ணன் இல்லைங்கிறதாலயா வராது?”

“அவன் எங்க போறான்? கடையிலேயேதான் கிடக்கான். கேட்கணும்ல.”

“அவ்வளவுதான் சார் சர்வர்.”

இன்னொரு திங்கள் அவர் கவலையோடு வந்தார். குக்கி என்று ஒன்று இருக்கிறதாம், போன இடம் அதை நம் மேல் ஒட்டிவிடுமாம், நாளிதழில் போட்டிருக்கிறான்.

“கோயில்ல செருப்பு விடுவீங்கள்ல? டோக்கன் யார்கிட்ட இருக்கும்?”

“என்கிட்ட.”

“திரும்ப வந்து நீட்டினா செருப்பைப் பார்த்துக்கிறவரு உங்க செருப்பைச் சரியா எடுத்துக் கொடுப்பாரு. உங்க பேரு அவருக்குத் தெரியுமா?”

“தெரியாது.” கொஞ்சம் யோசித்தார். “ஆனா இந்த ஆள் வந்துட்டுப் போன ஆள்னு தெரியும்.”

“அதான் சார். வேண்டாம்னா டோக்கனைக் கீழே போட்டுடலாம்.”

“போட்டுடு,” என்றார் உடனே.

நான் முப்பது வருடம் வகுப்பெடுத்தவள். ஒரு சொல்லுக்கு இன்னொரு சொல்லைப் பொருளாகக் கொடுத்தே காலத்தை ஓட்டியவள். அந்தப் பெண் ஒரு முறைகூட அப்படிச் செய்யவில்லை. வினாத்தாள் முடிந்த பிறகும் திங்கட்கிழமைகளில் நான் ஏதாவது ஒரு காரணத்தைத் தூக்கிக்கொண்டு அந்தப் படியேறினேன்.

•

பன்னிரண்டாவது திங்கள். அவர் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. திரையைப் பார்த்தார். நகலை வாங்கினார். கோப்பைப் பிரித்து எல்லா நகல்களையும் மேசைமேல் வரிசையாகப் பரப்பினார்.

“பாரு. நாற்பத்தொண்ணு. நாற்பத்தொண்ணு. நாற்பத்தொண்ணு.”

விரல் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போயிற்று.

“நான் நாலு வருஷம் பார்க்கல. நான் பண்ணின கிறுக்குத்தனம் அது. ஊர் உலகத்துல ஒருத்தனுக்குமா எம்பிள்ளையை எட்டிப் பார்க்கணும்னு தோணல?”

குரல் உடைந்தது.

அவர் விரல் கடைசி நகலில் நின்றது. நின்றதும் அவர் முகம் மாறியது. எல்லைக்கல் நகர்ந்திருப்பதைக் கண்டுபிடித்த முகம்.

“இரு. நானே பன்னிரண்டு தடவை பார்த்திருக்கேன். அதுக்கே ஐம்பதைத் தாண்டியிருக்கணுமே?”

“ஆமா சார்.”

“அப்புறம் ஏன் தாண்டல?”

“முதல் நாள் நீங்க வந்தப்போ ஒரு சத்தம் கேட்டீங்களே. யாருக்கு உடம்பு சரியில்லைன்னு.”

“ஆமா.”

“அதுக்குப் பிறகு எந்தத் திங்கக்கிழமையாவது அந்தச் சத்தத்தைக் கேட்டீங்களா?”

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் இல்லை என்று தலையசைத்தேன். எனக்கும் அப்போதுதான் உறைத்தது.

“முதல் திங்கக்கிழமை நீங்க வர்றதுக்கு முன்னாடி நான் போய்ப் பார்த்தேன். அந்த நாற்பத்தொண்ணாவது ஆள் நான். போய்ப் பார்த்த பக்கத்தோட நகலை மெஷின் தன்கிட்டயே வச்சுக்கிடும். அடுத்த தடவை அவ்வளவு தூரம் போக வேண்டாம்னு. அதுக்குப் பேரு கேஷ். பன்னிரண்டு வாரமா உங்களுக்கு அதைத்தான் காட்டினேன்.”

“ஏமாத்திட்டியேம்மா.” நாற்காலி கிறீச்சிட எழுந்தார். “பழைய நகலை வச்சுக்கிட்டு... இத்தனை வாரமா நான் என் மகளைப் பார்க்கவே இல்லையா?”

“பார்த்தது தெரியக் கூடாதுன்னு சொன்னீங்க சார்.”

அவர் கோப்பைக் கட்டினார். நாடா முடிச்சு விழவில்லை. வாசல் வரை போனார்.

“சார், ஒரே ஒரு சந்தேகம்,” என்றாள் சம்சாத்.

அவர் நின்றார். அவள் அவரிடம் சந்தேகம் கேட்டது அதுதான் முதல் தடவை.

“ரெண்டு பேருக்குள்ள வரப்புத் தகராறு. ஆளுக்கொரு பழைய நில வரைபட நகலை வச்சுக்கிட்டுச் சண்டை போடுறாங்க. நீங்க எந்த நகலைப் பார்த்துச் சொல்லுவீங்க?”

“எதையும் பார்க்க மாட்டேன். நகலை வச்சு எவன் சொல்லுவான்? இடத்துக்குப் போய் அளப்பேன்.”

“யாருக்கும் தெரியாமப் போயி அளந்துட்டு வந்துடுவீங்களா?”

“அது எப்படி? முதல்ல நோட்டீஸ் கொடுக்கணும். பக்கத்து நிலத்துக்காரனுக்கும் கொடுக்கணும். இன்ன தேதி வர்றேன்னு சொல்லிட்டுத்தான் அளவுச் சங்கிலியை இழுக்கணும். சொல்லாமப் போய் அளந்தா அந்த அளவே செல்...”

அவர் சொல்லி முடிக்கவில்லை.

கீழே டயர் கடையில் யாரோ சம்மட்டியால் அடித்துக்கொண்டிருந்தார்கள். அது நிற்கும் வரை அவர் வாசலிலேயே நின்றார். பிறகு வந்து உட்கார்ந்தார். கோப்பைத் தரையில் வைத்தார்.

“எதை அமுக்கணும்?”

அவள் மௌஸை அவர் கைக்கு நகர்த்தினாள். திரையின் மேலே, வட்டமாகத் தன்னையே துரத்தும் இரண்டு அம்புகளைக் காட்டினாள். “ரெஃப்ரெஷ்.”

அமுக்கினார்.

எண்கள். கீச்சு. கூழாங்கற்கள். இரைச்சல் முழுவதும் அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

பக்கம் மேலிருந்து கீழாக, வரி வரியாக இறங்கியது. முதலில் வானம். பிறகு பூங்கோதையின் நெற்றி. கண்ணைச் சுருக்கியிருக்கவில்லை. பிறகு தோள். பிறகு தோளில் ஒரு சின்னத் தலை, முடி இல்லாமல்.

அவர் கை திரை வரை போய், தொடாமல் நின்றது.

“சதீஷ் மாதிரியா இருக்கு?” என்றார். இத்தனை வாரங்களில் மருமகன் பெயரை அவர் சொல்லி நாங்கள் கேட்டதில்லை.

“காது உங்க காது சார்,” என்றாள் சம்சாத்.

கடைசியாக எண் வந்தது. நூற்றெட்டு.

“இதுல நான் எது?”

“கடைசி ஒண்ணு.”

“இப்போ அவளுக்குத் தெரிஞ்சிருக்குமா?”

“யாரோ வந்தாங்கன்னு தெரியும். பேரு தெரியாது. எந்த ஊர்லேர்ந்து வந்தாங்கன்னு, பார்க்கத் தெரிஞ்சவங்க பார்க்கலாம்.”

“அவளுக்குப் பார்க்கத் தெரியுமா?”

“தெரியும்னுதான் நினைக்கிறேன்.”

அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார்.

“இந்த ஊர்ல அவளுக்கு வேற யாரும்மா இருக்கா?”

அடுத்த திங்கள் அவர் வரவில்லை. கோப்பு அந்த மேசைக்கடியிலேயே கிடந்தது. ஒன்பது வருடம் கழித்து, ஐதராபாத்தில், மகள் வீட்டில், அய்யாத்துரை காலமானார்.