ஓட்டைச் சட்டிக்கு முத்திரை

மருதங்காவூரை ஆண்ட செண்பக பூபதிக்கு எட்டாவது மாளிகை பாதிச் சுவர் எழும்பும்போதே கஜானா காலியாகிவிட்டது. மாளிகையை நிறுத்த மனசு வரவில்லை. உட்கார்ந்து யோசித்தார். நாட்டு மக்கள் ரொம்பச் செலவாளிகள் என்பது சட்டென்று புலப்பட்டது. மறுநாளே சிக்கன ஆணை பிறந்தது. அவரவர் வீட்டுக் காய்கறியை அவரவரே பயிரிட வேண்டும். கிழிந்ததை அவரவரே தைக்க வேண்டும். உடைந்ததை அவரவரே ஒட்ட வேண்டும். இதை ஊருக்கு அறிவிக்கப் பன்னிரண்டு யானைகள் முகபடாம் கட்டிக்கொண்டு போயின.

அவையில் விகடம் பேசிப் பிழைத்துவந்த கூத்தபிரானுக்கு இதைக் கேட்டதும் சிரிப்பு வந்தது. அவர் வீட்டில் இந்தச் சட்டம் கல்யாணமான நாளிலிருந்தே அமலில் இருந்தது. மனைவி வடிவு உடைந்த பானையில் வெந்தயக்கீரை போட்டிருந்தாள், விரிசல் விட்ட உரலில் கொத்தமல்லி, கூரைமேல் சுரைக்கொடி. அஞ்சறைப் பெட்டியில் இருந்த வெந்தயமும் மல்லியும்தான் விதை. அரிசி கழுவிய தண்ணீர்தான் பாசனம். பூச்சிக்கு அடுப்புச் சாம்பல். ஆணை வந்த கையோடு விகடத்துக்கு அளந்த படியரிசியும் பாதியாகிவிட்டது. சிரிப்பு ஆடம்பரமாம். ஆகவே மூன்று பெண் குழந்தைகளின் வயிறும் அந்த உடைந்த பானைகளை நம்பித்தான் இருந்தது.

ஆணையை நடத்திவைக்கும் பொறுப்பு அமைச்சர் சங்குமுத்து ராயரிடம் வந்தது. ஒரு நல்ல காரியம் கையில் கிடைத்தால் அதைச் சும்மா விடுகிற ஆள் இல்லை அவர். ஒரே வாரத்தில் அவருடைய மைத்துனர் தேரடி வீதியில் சிக்கனப் பொருள் வியாபாரம் தொடங்கிவிட்டார். தோட்டம் போடச் சட்டி அங்கே கிடைக்கும். முழுச் சட்டி ஒரு விலை. அடியில் ஓட்டை போட்டது இரண்டு மடங்கு. சாம்பலைப் பட்டுப் பையில் கட்டி விற்றார்கள். ஒட்டுப்போடக் கந்தல் வேண்டுமென்றால் புதுத் துணியைக் கண்ணெதிரே கிழித்துக் கொடுத்தார்கள். எல்லாவற்றிலும் அமைச்சரின் முத்திரை. முத்திரை இல்லாத சட்டியில் முளைத்த கீரை சிக்கனக் கீரையே இல்லை என்று ராயர் தெருத்தெருவாகச் சொல்ல வைத்தார். ஊர் சனம் நகையை விற்றுச் சிக்கனமாக வாழத் தொடங்கியது.

ஒருநாள் காலையில் ராயரே பல்லக்கில் வந்து கூத்தபிரான் வீட்டு வாசலில் இறங்கினார். உரலைப் பார்த்தார். உடைந்த பானைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றிலும் முத்திரை இல்லை. அவையில் தன்னைப் பலமுறை கிண்டல் செய்த வாய் இன்று அகப்பட்டது என்று அவருக்கு உள்ளூரக் கொண்டாட்டம். நாளைக்கு அவையில் விசாரணை, குற்றம் நிரூபணமானால் தோட்டத்தைப் பிடுங்கி எறிந்து வேலையை விட்டும் அனுப்பிவிடுவோம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

"கீரையையும் பிடுங்கிட்டாங்கன்னா இந்த மூணுக்கும் நான் என்னத்தைப் போட்டுப் பிசையறது?" என்றாள் வடிவு.

கூத்தபிரான் எழுந்துபோய்ப் பானைகளுக்குத் தண்ணீர் ஊற்றினார். அவருக்குப் பயமாகத்தான் இருந்தது.

மறுநாள் அவை கூடியதும் ராயர் குற்றத்தை நீட்டி முழக்கினார். அரசர் திரும்பினார்.

"கூத்தபிரானே, நீர் சிக்கனமாக இல்லையாமே?"

"உண்மைதான் அரசே. சிக்கனமாக இருக்க எனக்கு வசதி இல்லை."

அவையில் சலசலப்பு. சிக்கனத்துக்கு எதற்கய்யா வசதி என்று அரசர் கேட்டார். ஆணை அப்படித்தான் சொல்கிறது, வேண்டுமானால் இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லுங்கள் என்றார் கூத்தபிரான். ஓலைக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார்: "குடிமக்கள் அனைவரும் இன்று முதல் சிக்கனம் கடைப்பிடிக்க வேண்டும்."

"கேட்டீர்களா? ஆணை பிறந்த அன்றே நானும் கடை பிடிக்கத் தேரடி வீதிக்கு ஓடினேன். முன்பணம் கேட்டார்கள். என்னிடம் ஏது? காலியாக இருந்த ஒரே கடையையும் அமைச்சரின் மைத்துனர் பிடித்துவிட்டார்."

ராயருக்கு முகம் சிவந்தது. "அரசே, இவன் சொல்லைத் திரிக்கிறான். கடைப்பிடிப்பது என்றால் பின்பற்றுவது. கடைக்கும் சிக்கனத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது."

கூத்தபிரான் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார்.

"அப்பாடா, பிழைத்தேன். பின்பற்றினால் போதும் என்றால் அதை என் வீட்டுக்காரி பத்து வருஷமாகச் செய்கிறாள். உரலும் பானையும் சாட்சி. கடைக்குச் சம்பந்தம் இல்லையென்று அமைச்சரே சொல்லிவிட்டார். பிறகு கடைச் சட்டி எங்கே என்று என்னை ஏன் கேட்கிறார்?"

அரசர் மெதுவாக ராயர் பக்கம் திரும்பினார். தேரடி வீதியில் அப்படி ஒரு கடை இருப்பதே அவருக்கு அன்றைக்குத்தான் தெரியும். உடனே ஒரு சட்டி கொண்டுவரச் சொன்னார். வந்தது. தூக்கிப் பிடித்து, ஓட்டை வழியாக அமைச்சரைப் பார்த்தார்.

"ராயரே, நாட்டுக்கே சிக்கனம் சொன்னீரே. நீர் எதைச் சிக்கனம் செய்தீர்?"

ராயர் வாயைத் திறப்பதற்குள் அவருக்காகக் கூத்தபிரானே பதில் சொன்னார்.

"அமைச்சரைக் குறை சொல்லக் கூடாது அரசே. அவரும் ஒன்றே ஒன்றைச் சிக்கனம் செய்தார். 'கடைப்பிடி' என்ற சொல்லில் ஒரு 'ப்'பை மிச்சம் பிடித்தார். கடை பிடித்துவிட்டார்."

அரசர் சிரித்த சிரிப்பில் கிரீடம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கடை அன்றைக்கே மூடப்பட்டது. சட்டிகள் எல்லாம் ஊருக்கு இலவசமாகப் போயின. ஒன்று மட்டும் ராயர் கைக்கு வந்தது, அதில் விளைவதைத்தான் அவர் ஒரு வருஷம் சாப்பிட வேண்டும் என்ற தீர்ப்போடு. கூத்தபிரானுக்குப் படியரிசி முழுதாகத் திரும்பியது. அதன்பிறகு மருதங்காவூர் அரண்மனையிலிருந்து எந்த ஆணை வந்தாலும், ஒற்றெழுத்தை மட்டும் இரண்டு மடங்கு பெரிதாக எழுதி அனுப்பினார்கள்.