கம்பைலர் அழித்த வார்த்தை

தணிகாசலத்துக்கு நாற்பத்தாறு வயது. பதினெட்டு வருடம் ஓர் அச்சகத்தில் டி.டி.பி. வேலை பார்த்தவர். அச்சகம் மூடியபின் நிரல் எழுதக் கற்றுக்கொண்டார். கற்றுக்கொடுத்தவர் நிலோஃபர். அவரைவிடப் பதின்மூன்று வயது இளையவர்.

திருச்சியில் அவர்கள் வேலை பார்த்த நிறுவனம் சிறியது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் தடுப்பூசி வைக்கும் குளிர்பெட்டிகள் அனுப்பும் வெப்பநிலையைப் படிப்பதும், அளவு மீறினால் அலாரம் அடிக்கச் செய்வதும் அவர்கள் வேலை.

அந்தத் தகவல் எந்த வடிவில் வரும் என்று ஒரு கோப்பில் வரையறுத்து வைத்திருந்தார்கள். கறுப்புத் திரையில் ஒரு வரி கட்டளை கொடுத்தால், கம்பைலர் அந்த வரையறையைப் படித்து, தகவலைப் பிரித்தெடுக்கும் நிரலைத் தானே எழுதிவிடும். அப்படி உருவான நிரலின் முதல் வரி, 'கையால் திருத்த வேண்டாம்.'

தணிகாசலம் திருத்தினார்.

வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே போனால், நிரலுக்கு மைனஸ் எண்ணைப் படிக்கத் தெரியாமல், மைனஸ் நான்கு டிகிரி அறுபத்தைந்தாயிரத்துச் சொச்சமாகத் தெரிந்தது. சென்சார் கோளாறு என்று நிரல் அதை ஒதுக்கிவிடும். அலாரம் அடிக்காது. இதைக் கண்டுபிடித்தவர் அவர்தான். ஆனால் வரையறையில் எங்கே மாற்றுவதென்று அவருக்குத் தெரியவில்லை. கேட்டிருக்கலாம். சுற்றிலும் இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதுப் பிள்ளைகள். கேட்கக் கூச்சமாக இருந்தது. உருவான நிரலைத் திறந்து, ஒரு வார்த்தையை மாற்றினார். சரியாகிவிட்டது.

நிலோஃபர் எல்லோர் முன்னிலையிலும் பாராட்டினார். எங்கே திருத்தினீர்கள் என்று அவர் கேட்கவில்லை. இவரும் சொல்லவில்லை.

இரண்டு மாதம் கழித்து, குளிர்பெட்டியின் பேட்டரி அளவையும் படிக்க வேண்டும் என்றார்கள். நிலோஃபர் வரையறையில் ஒரு வரி சேர்த்து, கம்பைலரை ஓட்டினார். நிரல் புதிதாக எழுதப்பட்டது. தணிகாசலத்தின் வார்த்தை அதில் இல்லை.

அடுத்த வாரம் ஒரு சுகாதார நிலையத்தில் குளிர்பெட்டி பழுதாகி, மருந்தெல்லாம் உறைந்து வீணாகிப்போனது. அலாரம் அடிக்கவில்லை. அது தடுப்பூசி நாள். குழந்தைகளோடு வந்த நாற்பது தாய்மார்கள் திரும்பிப் போனார்கள். பதிவில் உறைநிலை எதுவும் காணோம். ஆகவே மருந்தைத் தவறான இடத்தில் வைத்துவிட்டார் என்று, அங்கிருந்த பொன்மணி என்கிற மருந்தாளுநருக்கு மெமோ கொடுத்தார்கள்.

அலுவலகக் கூட்டத்தில் நிலோஃபர் சொன்னார், "கம்பைலரை ஓட்டினது நான். பொறுப்பு என்னோடது."

தணிகாசலம் தலை குனிந்துகொண்டார். அன்று மாலையே யாருக்கும் தெரியாமல் அந்த வார்த்தையை மறுபடி கையால் எழுதிவைத்தார்.

மூன்றாம் நாள் அவரால் சாப்பிட முடியவில்லை. டிபன் பாக்ஸை மூடிவிட்டு நிலோஃபர் மேசைக்குப் போனார்.

"மேடம், தப்பு உங்களோடது இல்ல."

நிலோஃபர் நிமிர்ந்து பார்த்தார். தணிகாசலம் எல்லாவற்றையும் சொன்னார். முந்தாநாள் மாலை செய்ததையும் சொன்னார்.

"இப்ப நான் என்ன செய்யணும் மேடம்?"

நிலோஃபர் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தார். கறுப்புத் திரையைத் திறந்து, கட்டளையைத் தட்டினார். ஒரு நொடி. தணிகாசலம் எழுதிவைத்த வார்த்தை போய்விட்டது.

"எழுதுங்க சார்."

எழுதினார். நிலோஃபர் மறுபடி கட்டளையைத் தட்டினார். மறுபடி போய்விட்டது.

"எழுதுங்க."

தணிகாசலத்தின் காது சுட்டது. பக்கத்து மேசைப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள்.

"வரையறையில எங்க மாத்தணும்னு எனக்குத் தெரியாது மேடம்," என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி.

நிலோஃபர் தன் நாற்காலியை நகர்த்தி அவருக்கு இடம் விட்டார். "இந்த வரி. மைனஸ் வராத எண்ணுன்னு நான்தான் எழுதியிருக்கேன். வரும்னு மாத்துங்க."

ஒரே ஓர் எழுத்து. மாற்றினார். இந்த முறை கட்டளையை அவரே தட்டினார். உருவான நிரலில் அந்த வார்த்தை இருந்தது. இன்னொரு முறை தட்டினார். இருந்தது.

"பொன்மணி மேல தப்பில்லன்னு என் பேர்லயே லெட்டர் எழுதறேன் மேடம்."

"ரெண்டு பேர் பேர்லயும் எழுதுங்க. நான் கேக்காம விட்டதையும் சேர்த்து."

நிர்வாகம் அந்தக் கடிதத்தைச் சுகாதாரத் துறைக்கு அனுப்பியது. ஒரு நகலை எடுத்துக்கொண்டு தணிகாசலம் அந்தச் சுகாதார நிலையத்துக்குப் பஸ் ஏறினார். நேரில் போய்த்தான் ஆகவேண்டும் என்று அவருக்குப் பட்டது. வழியெல்லாம் பேச வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார்.

மறுநாள் நிலோஃபர் கேட்டார், "பொன்மணியைப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"என்ன சொன்னாங்க?"

"மருந்துச் சீட்டோட பெரிய வரிசை. நின்னு லெட்டரைக் குடுத்தேன். படிச்சாங்க. இனிமே அலாரம் அடிக்குமான்னு கேட்டாங்க. அடிக்கும்னேன். சரின்னு அடுத்த சீட்டை வாங்கிட்டாங்க."

"அப்புறம்?"

"அவ்வளவுதான். நான் நின்னுட்டே இருந்தேன். நாலு பேர் மருந்து வாங்கிட்டுப் போனாங்க. நாற்பது வீட்டுக்கும் பொன்மணியே போன் பண்ணி மறுபடி வரச் சொல்லியிருக்காங்க. அதையும் பக்கத்துல இருந்த நர்ஸ்தான் சொன்னாங்க. எங்கிட்ட ஒரு வார்த்தை கோபமாப் பேசல." அவர் குரல் இறங்கியது. "மேடம், அவங்க நல்லாத் திட்டியிருந்தா எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்."



"உங்க மனசை ஆத்துற வேலையையும் அவங்களே பாக்கணுமா சார்?"