முதல் ஓட்டை யாருக்கு

இதைச் சரியாகச் சொல்வேனா என்று பயமாகத்தான் இருக்கிறது. ஒன்றை முன்னே பின்னே சொல்லிவிட்டாலும் அதுகள் கோபித்துக்கொள்ளும். என்றாலும் சொல்கிறேன்.

ஒரு சனிக்கிழமை புது டிவி வாங்கப் போனோம். கடையில் எல்லா டிவியிலும் ஒரே மீன் நீந்திக்கொண்டிருந்தது. எந்த மீன் நல்ல மீன் என்று எப்படிச் சொல்வது? என் வீட்டுக்காரர் ஒவ்வொன்றின் முதுகையும் தடவிப் பார்த்து, "இதுல வயர் சொருகுற ஓட்டை நிறைய இருக்கு, இதையே எடுப்போம் புஷ்பம்" என்றார்.

மூன்று ஓட்டைகள். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டிருந்தது. வினையே அந்த எண்ணில்தான் இருந்தது.

மறுநாள் நான்கு மணிக்கு எங்கள் மகள் முத்துச்செல்வி மாநிலக் கபடி இறுதி ஆட்டம் ஆடுகிறாள். டிவியில் காட்டுவார்கள். மூன்றரைக்கு வயர்களை எடுத்தோம்.

"ஒண்ணாம் நம்பர் எனக்கு. எட்டு வருஷமா இந்த வீட்டுக்குப் படம் காட்டுறவன் நான்" என்றது செட்டாப் பாக்ஸ்.

"உங்க கல்யாணமே என் வயித்துல இருக்கு. நான் மூணாவதா உக்காரணுமோ?" என்றது டிவிடி பிளேயர்.

நெட்டில் படம் காட்டும் குச்சி சிரித்தது. "ரெண்டு கிழமும் விலகுங்க. உலகமே என்கிட்ட இருக்கு."

ஆட்டம் வருவது பாக்ஸில்தானே என்று அதற்கே ஒன்றாம் எண்ணைக் கொடுத்தோம். மைதானம் தெரிந்தது. உடனே பிளேயர் திரையைப் பிடுங்கி எங்கள் கல்யாணத்தில் தாலி கட்டியதைக் காட்டியது. அதனிடமிருந்து குச்சி பிடுங்கியது.

"ரெண்டையும் கழட்டி எறி" என்றார் அவர்.

"தொட்டா உங்க கல்யாணத்தைக் கீறிடுவேன்" என்றது பிளேயர்.

"நான் பாஸ்வேர்டை மறந்துடுவேன்" என்றது குச்சி. அது எங்களுக்கும் ஞாபகம் இல்லை.

பொறுக்காமல் டிவியே வாய் திறந்தது. "அட, மூணு ஓட்டையும் உள்ள ஒரே இடத்துக்குத்தான் வருது."

"உள்ள எங்க போனா என்ன? வெளியில தெரியுற எண்தான் மரியாதை" என்றது பாக்ஸ். அதை மட்டும் மற்ற இரண்டும் ஒப்புக்கொண்டன.

மணி நான்கே கால். நான் எல்லா வயரையும் உருவினேன். நெற்றியில் இருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து ஒன்றாம் எண் மேல் ஒட்டினேன். அட்டையிலிருந்து இன்னும் இரண்டை எடுத்து மற்ற எண்களையும் மூடினேன். கைக்கு வந்தபடி மூன்றையும் சொருகி, ஒவ்வொன்றின் பக்கமாகவும் குனிந்து, "நீதான் ஒண்ணு, வெளியில சொல்லாதே" என்றேன்.

மூன்றும் வாயே திறக்கவில்லை. படம் வந்தது. முத்துச்செல்வி பாடிக்கொண்டு கோட்டைத் தாண்டினாள். முழங்காலில் ஒட்டிய மண்கூடத் தெரிந்தது. மூன்று பேரைத் தொட்டுவிட்டுத் திரும்பினாள். நான் அழுதுவிட்டேன்.

அந்த நேரம் பார்த்து அவர் உரக்கக் கேட்டார்: "கடைசியில எதுக்குத்தான் ஒண்ணைக் கொடுத்தே?"

படம் ஒரு முறை நடுங்கியது.

"எனக்குத் தெரியாதுங்க" என்றேன்.

திங்கட்கிழமை காலையில் ஆளைக் கூப்பிட்டு, முதுகுப் பக்கம் யாரும் எட்டிப் பார்க்க முடியாதபடி டிவியைச் சுவரோடு சேர்த்து மாட்டச் சொல்லிவிட்டேன்.