எண்பத்தாறு யாருடையது?

நர்ஸிங் உரிமத் தேர்வுக்கு விண்ணப்பம் அனுப்ப அன்றுதான் கடைசி நாள். பயிற்சி மையத்தை நடத்தும் டாக்டர் துரைப்பாண்டியன் கையெழுத்துப் போட்டால் ஜெபக்கனி அனுப்பிவிடலாம். போடுவாரா மனுஷர்?

"உனக்கு நாடி பார்க்கவே தெரியலையே! சகாயத்துக்கு நான் பார்த்தா எண்பத்து நாலு, நீ பார்த்தா எழுபது. வார்டு பெருக்கினவளுக்கு நர்ஸ் ஆசை வேறயா? என் எண்ணிக்கை உனக்கு வரட்டும், கையெழுத்துப் போடறேன்."

"சரி சார். இப்ப நீங்களே முதல்ல எண்ணுங்க."

ஜெபக்கனி தன் தோழி சகாயத்தைப் படுக்கவைத்து, கழுத்துவரை போர்த்தி, போர்வைக்குள் கைவிட்டு என்னவோ செய்தாள். மணிக்கட்டு மட்டும் வெளியே நீண்டிருந்தது. டாக்டர் அதில் கட்டைவிரலை அழுத்தி, கடிகாரத்தைப் பார்த்து, வகுப்பே கேட்கும்படி, "எண்பத்தாறு!" என்றார்.

ஜெபக்கனி மூன்று விரல்களை வைத்தாள். "எனக்கு ஒண்ணுமே தட்டலை சார்."

"அப்ப இவ செத்துட்டாளா?"

"இருக்கேன் சார், கைதான் மரத்துப்போச்சு" என்றாள் சகாயம்.

ஜெபக்கனி போர்வையை உருவினாள். சகாயத்தின் மேல்கையில் பிரஷர் பார்க்கும் பட்டை, காற்று முட்ட இறுகியிருந்தது.

"இவ்வளவு காத்தடிச்சா மணிக்கட்டுல துடிப்பே இருக்காது சார். கட்டைவிரல்ல நம்ம துடிப்பே தட்டும், அதை வெச்சு எண்ணாதேன்னு முதல் வருஷமே சொல்லித் தர்றாங்க. நீங்க எண்ணினது உங்க நாடி."

காற்றைத் திறந்துவிட்டு, பேனாவை நீட்டினாள்.

"கையெழுத்துப் போடுங்க. இல்லேன்னா வகுப்பு மொத்தமும் வரிசையா வந்து உங்க கையைப் பிடிச்சு எண்ணிப் பார்க்கட்டும்."

போட்டார்.